பதினைந்து நிமிடமும் ஓர் அறையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேரிடர் குறித்துப் பேச வேண்டும் என்று கேட்டபோது, வங்கக் கடல் புயலைத்தான் எடுத்துக்கொள்வேன் என்று அமைப்பாளர்கள் நினைத்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது டொர்னாடோ. கடலிலிருந்து வெகு தூரம் உள்ளே, கோதுமை வயல்களுக்கு நடுவே, இடிமேகத்தின் அடியிலிருந்து தரைக்கு இறங்கும் சுழல்காற்று. நம் புயலுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே வரைபடம் வந்துவிடும், பெயர் வந்துவிடும்; எங்கே கரையைக் கடக்கும் என்று டீக்கடையில் வாக்குவாதமும் நடந்து முடிந்திருக்கும். டொர்னாடோவுக்குப் பெயர் வைக்க நேரம் கிடையாது. கால் மணி நேரத்துக்கு முன் இல்லாத ஒன்று வந்து, ஒரு தெருவைத் துடைத்துவிட்டு, அடுத்த தெருவில் கொடியில் காயும் துணியைக்கூடக் கலைக்காமல் போய்விடும்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டொர்னாடோ எச்சரிக்கைக்கும் டொர்னாடோவுக்கும் இடையே கிடைக்கும் நிமிடங்களைக் கூட்ட, அமெரிக்கா ஏறக்குறைய 140 ஆண்டுகளாகப் பாடுபட்டிருக்கிறது. கூட்டியும் காட்டியிருக்கிறது. இனி நிமிடங்களைக் கூட்டிக்கொண்டே போவதில் பெரிய பயன் இல்லை. அந்த நிமிடங்களுக்குள் ஓடிப்போய் நுழைய ஓர் அறை எல்லோருக்கும் இருக்கிறதா என்பதே மிச்சமிருக்கும் கேள்வி. அந்தக் கேள்விக்கு அந்தப் பணக்கார நாடு இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்பது என் கருத்து.

முதலில் காற்றைப் பற்றிச் சுருக்கமாக. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரமும் வெப்பமும் நிறைந்த காற்று வடக்கே ஏறி வருகிறது. தென்மேற்கிலிருந்து வறண்ட காற்று அதன்மேல் படர்கிறது. ராக்கி மலைகளைத் தாண்டி, உயரத்தில், குளிர்ந்த காற்று வேகமாக வீசுகிறது. தரையில் ஒரு திசை, மேலே வேறு திசை, வேகமும் வேறு. இந்த வேறுபாட்டால் இடையிலுள்ள காற்று பூரிக்கட்டை போலப் படுத்தவாக்கில் உருளும். அந்த நேரத்தில் வலுவான இடிமேகம் ஒன்று எழுந்தால், மேலேறும் காற்று அந்த உருளையை நிமிர்த்திவிடும். மேகமே சுழலத் தொடங்கும். இப்படிச் சுழலும் மேகத்துக்கு சூப்பர்செல் என்று பெயர். எல்லா சூப்பர்செல்லும் டொர்னாடோவை இறக்குவதில்லை; இறக்காதவையே அதிகம். எது இறக்கும், எது இறக்காது என்பது இன்றும் முழுதாக விடுபடாத புதிர். எச்சரிக்கையின் சிக்கல் அத்தனையும் இங்கேதான் பிறக்கிறது.

அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 1,200 டொர்னாடோக்கள் வருகின்றன. பெரும்பாலானவை மரக்கிளையை ஒடித்து, கொட்டகைக் கூரையைப் பெயர்த்துவிட்டு ஓய்ந்துவிடும். ஆளைக் கொல்வது மிகச் சிலவே.

1884இல் ஜான் பார்க் ஃபின்லி என்ற ராணுவ வானிலையாளர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். ராக்கி மலைக்குக் கிழக்கே உள்ள நாட்டை 18 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இன்று டொர்னாடோ வருமா, வராதா என்று கணித்துப் பதிவு செய்தார். மொத்தம் 2,803 கணிப்புகள். நூற்றுக்கு 96க்கும் மேல் சரி என்று கணக்குக் காட்டினார். அடுத்து வந்த எதிர்வாதம் எனக்கு மிகவும் பிடித்தது. கணித்துப் பார்க்காமலேயே, எல்லா நாளும் எல்லா இடத்துக்கும் 'வராது' என்று எழுதி வைத்திருந்தால் நூற்றுக்கு 98க்கும் மேல் சரியாக இருந்திருக்குமே என்று சுட்டிக்காட்டினார்கள்! ஃபின்லி 'வரும்' என்று சொன்ன 100 தடவையில் வந்தது 28. அரிதாக நடக்கும் ஒன்றைக் கணிப்பவரின் திறமையை எப்படி அளப்பது என்ற தனிப் படிப்பே இந்தச் சண்டையிலிருந்துதான் தொடங்கியது. நம் ஊரில் மழை விடுமுறை அறிவித்துவிட்டு, வெயில் அடித்தால் திட்டு வாங்கும் மாவட்ட ஆட்சியர்களுக்கு ஃபின்லியின் மேல் அனுதாபம் வரக்கூடும்.

ஃபின்லியின் மேலதிகாரிகளுக்கு வரவில்லை. 1880களின் பிற்பகுதியில், வானிலை அறிக்கையில் டொர்னாடோ என்ற பெயரையே பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டார்கள். காற்று செய்யும் சேதத்தைவிட மக்களின் பீதி செய்யும் சேதம் பெரிது என்பது அவர்களின் நியாயம். தடை 1938 வரை நீடித்தது. அதன் பிறகும் அந்தப் பெயரைத் தொட அதிகாரிகள் தயங்கினார்கள்.

அந்த மௌனத்தின் நடுவில் வந்தது 1925 மார்ச் 18. மிசௌரியில் இறங்கி, இல்லினாயைக் கடந்து, இந்தியானாவில் போய் ஓய்ந்தது ஒரே டொர்னாடோ. மூன்றரை மணி நேரம், ஏறக்குறைய 350 கிலோமீட்டர். இறந்தவர்கள் 695 பேர். மர்ஃபிஸ்பரோ என்ற ஒரே ஊரில் மட்டும் 234 பேர். டி சோட்டோ என்ற சிற்றூரின் பள்ளிக்கூடத்தில் 33 பிள்ளைகள். அன்றைய வானிலை அறிக்கையில் மழையும் பலத்த காற்றும் இருந்தன; டொர்னாடோ இல்லை. முதல் ஊரை அழித்துவிட்டு மூன்று மாநிலங்களைக் கடந்துகொண்டிருந்த காற்றைப் பற்றி, அடுத்த ஊருக்குச் சொல்ல ஏற்பாடு எதுவும் இல்லை. மக்கள் பீதியடைவார்கள் என்று அஞ்சி உண்மையை அடக்கி வைத்த நிர்வாகங்களின் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்தப் பட்டியல் எல்லா நாட்டிலும் நீளமானது.

அந்த வாய்ப்பூட்டு உடைந்த கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1948 மார்ச் 20, ஓக்லஹோமாவில் டிங்கர் விமானப்படைத் தளம். அன்றிரவு வானிலைப் பணியில் இருந்த ராபர்ட் மில்லர் அந்த ஊருக்குப் புதியவர். இடிமழை வராது என்ற கணிப்போடு இருந்தபோது, இரவு பத்து மணியளவில் தளத்துக்குள்ளேயே டொர்னாடோ புகுந்தது. வெட்டவெளியில் நின்ற விமானங்கள் புரட்டி எறியப்பட்டன. ஒரு கோடி டாலர் நட்டம். மறுநாளே விசாரணைக் குழு வந்து, இதை யாராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது என்று எழுதிவிட்டுப் போனது. அதோடு கோப்பை மூடியிருக்கலாம். ஆனால் தளத்தின் தலைவர் ஜெனரல் போரம், உண்மையிலேயே முடியாதா என்று பார்க்கும்படி மில்லரிடமும் அவருடைய மேலதிகாரி மேஜர் எர்னஸ்ட் ஃபாபுஷிடமும் சொன்னார். இருவரும் பழைய டொர்னாடோ நாட்களின் வரைபடங்களை வாரிப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஐந்தே நாள். மார்ச் 25 காலை வரைபடத்தைப் பார்த்தால், 20ஆம் தேதி வரைபடத்தை மறுபடி அச்சிட்டது போல இருக்கிறது. ஜெனரல் கேட்கிறார்: டொர்னாடோ வரும் என்று சொல்லப்போகிறீர்களா, இல்லையா? ஒரே இடத்தை ஐந்து நாளில் இரண்டு தடவை டொர்னாடோ தாக்குவதற்கான வாய்ப்பு எவ்வளவு சொற்பம் என்று இருவருக்கும் தெரியும். தப்பினால் வேலையே போகலாம். பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன் கணிப்பை எழுதிக் கொடுத்தார்கள். விமானங்கள் கொட்டகைக்குள் போயின, அசையும் பொருட்கள் கட்டப்பட்டன, ஆட்கள் பாதுகாப்பான கட்டடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மாலை ஐந்தாயிற்று, எதுவும் வரவில்லை. மனம் உடைந்த மில்லர் வீட்டுக்குப் போய்விட்டார். ஆறு மணியளவில் டொர்னாடோ தளத்துக்குள் நுழைந்தது! செய்தியை அவர் வீட்டு வானொலியில்தான் கேட்டார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கணிப்பு பலித்ததோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது பலித்தது அல்ல. ஒரு கணிப்பு எழுதப்பட்ட மறுகணமே செய்வதற்கு ஒரு பட்டியலும், போவதற்கு ஓர் இடமும் அந்தத் தளத்தில் தயாராக இருந்தன. ராணுவத் தளம் என்பதால் உத்தரவு போனதும் எல்லோரும் நகர்ந்தார்கள். ஊருக்கு அப்படி உத்தரவு போட முடியாது.

அடுத்த அரை நூற்றாண்டை வேகமாகக் கடந்துவிடலாம். தடைக்குப் பின்னும் மிஞ்சியிருந்த தயக்கம் 1950இல் விலகியது. 1952இல் பொதுமக்களுக்கான டொர்னாடோ கணிப்புகள் தொடங்கின. 1953இல் இல்லினாயில், மழையளக்க வைத்திருந்த ராடாரில் கொக்கி வடிவ எதிரொலி ஒன்று தெரிந்தது. அதன் நுனியில் டொர்னாடோ இருந்தது. 1973இல் ஓக்லஹோமாவின் யூனியன் சிட்டி டொர்னாடோவை டாப்ளர் ராடார் பார்த்தது. மேகத்துக்குள் சுழற்சி தரையைத் தொடும் முன்பே தெரியும் என்று அதனால் உறுதியாயிற்று. 1990களில் நாடு முழுக்கச் சுமார் 160 டாப்ளர் ராடார்கள் நின்றன. டெட்சுயா ஃபுஜிடா என்ற ஜப்பானியர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, இடிந்த வீட்டையும் சாய்ந்த மரத்தையும் பார்த்துக் காற்றின் வலிமையைச் சொல்லும் அளவுகோலை 1971இல் வகுத்தார். சுழியத்திலிருந்து ஐந்து வரை. எஃப் என்று அழைக்கப்பட்ட அந்த அளவுகோல், 2007இல் திருத்தப்பட்டு ஈஎஃப் ஆயிற்று.

இன்றைய முறையில் இரண்டு படிகள் உண்டு. ஓக்லஹோமாவின் நார்மன் நகரிலுள்ள புயல் கணிப்பு மையம், பல மணி நேரம் முன்பே, பெரிய நிலப்பரப்புக்குக் கண்காணிப்பு அறிவிப்பு தரும். இன்று உங்கள் பக்கம் நிலைமை கூடி வருகிறது, கவனமாக இருங்கள் என்று பொருள். பிறகு, ராடாரில் சுழற்சி தெரிந்தாலோ, தரையில் நிற்கும் பயிற்சி பெற்ற பார்வையாளர் கண்ணால் கண்டு சொன்னாலோ, உள்ளூர் வானிலை அலுவலகம் எச்சரிக்கை விடும். அந்த எச்சரிக்கைக்கு ஒரே பொருள்: இப்போதே உள்ளே போ. 2007 முதல் மாவட்டம் முழுமைக்கும் எச்சரிக்கை விடுவதில்லை. பாதையை ஒட்டி ஒரு கட்டம் வரைந்து, அதற்குள் இருப்பவர்களுக்கு மட்டும் விடுகிறார்கள். 2012 முதல் அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் செல்பேசிகள் அலறுகின்றன.

கட்டத்தை வரைபவரின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். திரையில் சுழற்சி தெரிகிறது. தரையைத் தொடுமா, தெரியாது. காத்திருந்து உறுதி செய்துகொண்டு சொன்னால் அதற்குள் நாலு வீடு போயிருக்கும். உடனே சொன்னால் பெரும்பாலும் பொய்யாகப் போகும். அமெரிக்காவில் டொர்னாடோ எச்சரிக்கைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பலிப்பதில்லை என்பது பல்லாண்டு அனுபவம். 1980களின் நடுவில் ஐந்து நிமிடத்தை ஒட்டியிருந்த சராசரி முன்னறிவிப்பு நேரம், 2011 வாக்கில் 13 நிமிடத்தைத் தொட்டது. அதன்பின் பொய் எச்சரிக்கையைக் குறைக்க வேண்டும் என்று கவனமாக இருக்கத் தொடங்கியதும், நேரமும் பத்து நிமிடம் பக்கமாக இறங்கியது. ஒன்றை இழுத்தால் மற்றது சுருங்கும். ஃபின்லியின் கணக்கு இன்னும் தீரவில்லை.

2011 மே 22, ஞாயிற்றுக்கிழமை மாலை, மிசௌரி மாநிலத்தின் ஜோப்ளின் நகரம். மாலை 5:11க்கு முதல் சைரன். 5:17க்கு நகரத்துக்கான எச்சரிக்கை. 5:34 அளவில் டொர்னாடோ தரை தொட்டது. 5:38க்கு இரண்டாவது சைரன். அடுத்த சில நிமிடங்களில் ஊருக்குள் நுழைந்து 158 பேரைக் கொன்றது. 1950க்குப் பின் அமெரிக்காவில் ஒரே டொர்னாடோவுக்கு இத்தனை உயிர் போனதில்லை. 17 நிமிட அவகாசம் என்பது அன்றைய சராசரியைவிட அதிகம். அறிவியல் தன் வேலையைச் செய்திருந்தது.

பிறகு தேசிய வானிலைச் சேவை, உயிர் தப்பிய ஏறக்குறைய 100 பேரைச் சந்தித்துக் கேட்டது. முதல் சைரனைக் கேட்டதும் பெரும்பாலானவர்கள் உள்ளே போகவில்லை. சிலர் தொலைக்காட்சியைப் போட்டார்கள், சிலர் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்கள், சிலர் உறவினருக்குத் தொலைபேசினார்கள். சைரன் அங்கே அடிக்கடி ஒலிக்கும், பெரும்பாலும் எதுவும் வராது. இரண்டாவது சைரன், அறிவிப்பாளரின் குரலில் பதற்றம், தெருவில் பறக்கும் தகரம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்த பிறகே நகர்ந்தார்கள். அன்று டொர்னாடோ மழைத்திரைக்குள் மறைந்து வந்ததால் பார்க்க வாசலுக்கு வந்தவர்களுக்கும் அது டொர்னாடோவாகத் தெரியவில்லை.

அவர்களை அலட்சியக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாலு தடவையில் மூன்று தடவை வராத ஒன்றுக்கு, நம்மில் எத்தனை பேர் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து ஓடுவோம்? ஒரே ஆளின் பேச்சை நம்பாமல் இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது மனித இயல்பு. கெவின் சிம்மன்ஸ், டேனியல் சட்டர் என்ற இரு பொருளியலாளர்கள் பல்லாண்டு டொர்னாடோப் பதிவுகளை அலசி இரண்டு விஷயங்களைச் சொன்னார்கள். பொய் எச்சரிக்கை அதிகமுள்ள பகுதிகளில் சாவும் அதிகம். முன்னறிவிப்பு நேரம் சுமார் 15 நிமிடம் வரை நீளும்போது உயிரிழப்பு குறைகிறது. அதற்கு மேல் நீள்வதால் கூடுதலாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. கால் மணி நேரத்தில் ஆக வேண்டியது வீட்டுக்குள்ளேயே ஓர் அறைக்குள் போவது. அதற்குக் கால் மணி நேரமே தாராளம்.

அறை இருந்தால். ஜோப்ளினில் பெரும்பாலான வீடுகளுக்கு நிலவறை கிடையாது. பொதுத் தங்குமிடம் என்று பெயருக்குக்கூடப் பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் உணவகத்தின் இளம் மேலாளர், வாடிக்கையாளர்களையும் ஊழியர்களையும் ஆள் நுழையும் அளவுள்ள குளிர்பதனப் பெட்டிக்குள் அனுப்பினார். உள்பக்கத்திலிருந்து கதவை இழுத்துப் பூட்ட வழி இல்லை. ஒரு கயிற்றைக் கதவில் மாட்டித் தன் கையில் சுற்றிக்கொண்டு இழுத்துப் பிடித்தார். காற்று அவரை வெளியே உறிஞ்சிக்கொண்டது. எச்சரிக்கை கேட்டவர், நம்பியவர், சரியாகச் செயல்பட்டவர், இருந்தும் பிழைக்கவில்லை.

2013 மே 20, ஓக்லஹோமாவின் மோர் நகரம். டொர்னாடோ தரை தொடும் முன் 16 நிமிடம். பள்ளிக்கூடத்தை எட்டும் முன் அரைமணிக்கும் மேல். பிளாசா டவர்ஸ் தொடக்கப் பள்ளியில் ஆசிரியர்கள் பிள்ளைகளை உள்நடைபாதையிலும் கழிப்பறையிலும் குனிந்து உட்கார வைத்தார்கள். சுவர் விழுந்து ஏழு பிள்ளைகள் இறந்தார்கள். அதே நகரத்தை 1999இலும் மிகப் பெரிய டொர்னாடோ ஒன்று தாக்கியிருந்தது. இடைப்பட்ட 14 ஆண்டில் அந்தப் பள்ளிக்கு ஒரு காப்பறை கட்டப்படவில்லை. அடுத்த ஆண்டு, கூரையைச் சட்டத்தோடு இன்னும் இறுக்கிப் பிணைக்கச் சொல்லும் கட்டட விதிகளை மோர் நகரம் கொண்டுவந்தது. நல்லதுதான். ஏழு சவப்பெட்டி போன பிறகு வந்த நல்லது.

வறுமை இந்தக் கதையில் எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் தென்கிழக்கில், அலபாமா, மிசிசிப்பி, டென்னசி பக்கம், மொபைல் ஹோம் எனப்படும் வீடுகள் அதிகம். தொழிற்சாலையில் செய்து, இழுத்து வந்து நிறுத்தி, நங்கூரக் கம்பியால் தரையோடு கட்டியது. நாட்டின் மொத்த வீடுகளில் அவை சுமார் ஆறு சதவீதம். வீட்டுக்குள் நேரும் டொர்னாடோ சாவுகளில் ஏறக்குறைய பாதி அவற்றில். 2019 மார்ச் 3 அன்று அலபாமாவின் லீ கவுண்டியில் இறந்த 23 பேரில் பெரும்பாலோர் அத்தகைய வீடுகளில் இருந்தவர்கள். எச்சரிக்கை வந்ததும் உள்ளறைக்குள் போங்கள் என்று வானொலி சொல்லும். உள்ளறையும் சேர்த்து வீடே உருளும் என்றால் எங்கே போவது? மொபைல் ஹோமை விட்டு வெளியேறுங்கள் என்பதே அரசின் அறிவுரை. இருட்டில், மழையில், எங்கே என்பதைச் சொல்வது அரிது. தென்கிழக்கில் டொர்னாடோக்கள் இரவில் வருவதும் அதிகம். பகலில் வருவதைவிட இரவில் வருவது ஆளைக் கொல்லும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல்.

2021 டிசம்பர் 10 இரவு, கென்டக்கியின் மேஃபீல்டில் மெழுகுவர்த்தித் தொழிற்சாலை ஒன்று இரவுப்பணியில் இருந்தவர்கள்மேல் சரிந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். முதல் நாளிலிருந்தே கணிப்பாளர்கள் எச்சரித்திருந்த இரவு அது. வேலையை விட்டுப் போனால் வேலையே போய்விடும் என்று மிரட்டப்பட்டதாகத் தப்பிய தொழிலாளர்கள் சொன்னார்கள், நிர்வாகம் மறுத்தது, விவகாரம் நீதிமன்றம் போனது. தீர்ப்பு எதுவானாலும், சம்பளத்துக்கு நிற்பவரின் பத்து நிமிடம் அவர் கையில் இல்லை என்பது உண்மை.

அறை கட்ட முடியாதா? முடியும், அதற்கான விடை 50 ஆண்டுக்கு முன்பே கிடைத்துவிட்டது. 1970 மே 11 அன்று டெக்சாஸின் லபக் நகரத்தை டொர்னாடோ தாக்கி 26 பேர் இறந்தார்கள். அந்த ஊரில்தான் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பொறியியல் பேராசிரியரான எர்ன்ஸ்ட் கீஸ்லிங்கும் சகாக்களும் இடிபாடுகளை ஊர் ஊராகப் போய்ப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தார்கள். வீடு முழுவதும் போன இடத்திலும் நடுவிலிருந்த குளியலறையோ, சாமான் அறையோ சில நேரம் நின்றது. சிறிய அறை, குறுகிய சுவர், ஜன்னல் கிடையாது. அந்த ஒற்றை அறையை மட்டும் எஃகும் கான்கிரீட்டும் கொண்டு வலுப்படுத்திவிட்டால்? வீடு போகட்டும், ஆள் இருக்கட்டும் என்ற யோசனை. டொர்னாடோவில் காற்றைவிடக் காற்று சுமந்து வரும் பொருள்தான் கொல்கிறது என்பதால், ஆய்வுக்கூடத்தில் காற்றழுத்தத்தால் இயங்கும் பீரங்கி ஒன்றை வைத்து, சுமார் ஏழு கிலோ எடையுள்ள மரச்சட்டத்தை மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் சுவரை நோக்கிச் சுடுகிறார்கள். சாதாரண வீட்டுச் சுவரை, செங்கல் முகப்போடு சேர்த்தே, அது துளைத்துப் போகும். துளைக்காத சுவருக்குத்தான் சான்று. 1998இல் மத்திய அரசே இந்த அறையின் வரைபடங்களைக் கையேடாக வெளியிட்டது. செலவு சில ஆயிரம் டாலர். புது வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் சமையலறை மேடைக்குப் போடும் கிரானைட் செலவுக்குப் பக்கத்தில் வரும். கிரானைட் வீட்டை விற்கும்போது விலை கூட்டுகிறது என்பதால் கட்டுநர்கள் அதைக் காட்டுகிறார்கள், இதைக் காட்டுவதில்லை.

சந்தை தானாகச் செய்யாது என்று தெரிந்த பிறகு சட்டம் செய்ய வேண்டும். பள்ளிக்கூடத்துக்கும், மொபைல் ஹோம்கள் வரிசையாக நிற்கும் குடியிருப்புக்கும், இரவுப்பணி நடக்கும் தொழிற்சாலைக்கும் காப்பறை கட்டாயம் என்று டொர்னாடோ மாநிலங்கள் எல்லாம் சட்டம் போட்டிருக்க வேண்டும். புதுப் பள்ளிகளைப் பொறுத்தவரை பல இடங்களில் இது வந்திருக்கிறது. ஜோப்ளின் தன் பள்ளிகளில் சமூகக் காப்பறைகளைக் கட்டிக்கொண்டது. மற்றவை அரைகுறையாகக் கிடக்கின்றன.

செய்யக்கூடாதவை சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். தவறான அறிவுரைக்கும் உயிர் போயிருக்கிறது. 1991இல் கன்சாஸில் தொலைக்காட்சிப் படப்பிடிப்புக் குழுவும் வேறு சிலரும் நெடுஞ்சாலை மேம்பாலத்தின் அடியில் ஒதுங்கித் தப்பிய காட்சி உலகம் முழுதும் ஓடியது. உண்மையில் அந்தக் காற்றின் மையம் அவர்கள்மேல் போகவே இல்லை. ஆனால் மேம்பாலத்தடி பாதுகாப்பானது என்று ஜனங்கள் மனத்தில் பதிந்துவிட்டது. 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் மூன்று மேம்பாலங்களின் அடியில் ஒதுங்கியவர்களில், ஒவ்வொன்றிலும் ஒருவர் இறந்தார். பாலத்தடி இடுக்கில் காற்று இன்னும் வேகமெடுக்கும். பறக்கும் பொருளுக்கு மறைப்பும் இல்லை.

காரில் ஏறி ஓடுவதும் அப்படியே. 2013 மே 31, எல் ரீனோ. பதினொரு நாள் முன்பு மோர் நகரில் நடந்தது எல்லோர் மனத்திலும் பசுமையாக இருந்தது. வீட்டில் இருந்தால் சாவு என்று நினைத்து ஆயிரக்கணக்கானவர்கள் சாலைக்கு வந்தார்கள். நெடுஞ்சாலை அசையாமல் நின்றது. நாலு கிலோமீட்டருக்கும் மேல் அகலமான டொர்னாடோ அது, பதிவானவற்றிலேயே அகலமானது. அதில் இறந்த எட்டுப் பேரும் வாகனங்களில் இருந்தவர்கள். டொர்னாடோவின் பாதையில் அளவுகருவி வைத்து ஆராய்வதில் பெயர்பெற்ற டிம் சமாராஸும், அவர் மகனும், கூட்டாளி கார்ல் யங்கும் அவர்களில் அடக்கம். இத்தனை தெரிந்த மனிதராலேயே காரில் அதை விஞ்ச முடியவில்லை. அதே இரவு ஓக்லஹோமா சிட்டியில் டொர்னாடோவுக்குப் பயந்து வடிகால்களில் ஒளிந்தவர்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஜன்னலைத் திறந்து வைத்தால் அழுத்தம் சமமாகி வீடு வெடிக்காது என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. ஜன்னலைத் திறக்கும் நேரத்தில் உள்ளே போகலாம்.

நம் பக்கத்துக்கும் இது அந்நியமல்ல. உலகில் ஒரே டொர்னாடோவில் மிக அதிகம் பேர் இறந்தது அமெரிக்காவில் இல்லை; 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் தௌலத்பூர், சாட்டூரியா பகுதியில். சுமார் 1,300 பேர். அங்கே ராடார் எச்சரிக்கையும் இல்லை, ஓடிப்போக அறையும் இல்லை. கடலோரப் புயலுக்கென்று அந்த நாடு பின்னால் கட்டிக் காட்டிய தங்குமிடங்கள் உலகப் புகழ் பெற்றவை. ஆனால் மணிக்கணக்கில் நடந்து போய்ச் சேரும் தங்குமிடம் டொர்னாடோவுக்கு உதவாது.

இந்த அரங்கில் இருப்பவர்களில் பலருக்கு மகனோ மகளோ டெக்சாஸில் இருக்கலாம். டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோ, பிளேனோ, இர்விங் என்று நம்மவர்கள் ஏராளமாகக் குடியிருக்கிறார்கள். அங்கே மண் களிமண் என்பதால் வீடுகளுக்கு நிலவறை அரிது. 2019 அக்டோபர் 20, ஞாயிறு இரவு, டல்லாஸ் நகரின் வடபகுதி வழியாக ஈஎஃப்-3 டொர்னாடோ போனது. ஊர் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஆட்டத்தை ஒளிபரப்பிய நிலையம் அதை இடைநிறுத்தி எச்சரிக்கத் தாமதித்துவிட்டு, மறுநாள் மன்னிப்புக் கேட்டது. ஒருவரும் சாகவில்லை என்பது அதிர்ஷ்டம். அதே டல்லாஸில் 2017இல் ஒரு நள்ளிரவு, யாரோ விஷமி ஊடுருவி, 156 சைரன்களையும் ஒன்றரை மணி நேரம் ஊளையிட வைத்தான். அன்று புயல் எதுவும் இல்லை. அடுத்த தடவை சைரன் ஒலித்தால் எத்தனை பேர் எழுந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்த சைரன்களே வெளியில் இருப்பவர்களுக்காக வைத்தவை; மூடிய வீட்டில், ஏசி ஓட்டத்தில், தூக்கத்தில் கேட்கும் என்று நம்பக்கூடாது.

ஆகவே அடுத்த தடவை பிள்ளைகளோடு பேசும்போது, சாப்பிட்டாயா, குழந்தை தூங்கிவிட்டதா என்ற கேள்விகளோடு இதையும் கேளுங்கள்: உன் வீட்டில் எந்த அறை? தரைத்தளத்தில், வீட்டின் நடுவில், ஜன்னல் இல்லாத, மிகச் சிறிய அறை எதுவோ அது. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அடுக்கறையாக இருக்கலாம். பல நம்மவர் வீடுகளில் அரிசி மூட்டையும் பூஜைப் படங்களும் இருப்பது அங்கேதான். அங்கே நாலு பேர் குனிந்து உட்கார இடம் ஒழித்து வைக்கச் சொல்லுங்கள். குழந்தையின் சைக்கிள் ஹெல்மெட்டும், எல்லோருக்கும் ஒரு ஜோடி ஷூவும் அங்கேயே இருக்கட்டும். தலையில் அடிபட்டும், கண்ணாடித் தூளில் வெறுங்காலோடு நடந்தும் பட்ட காயங்கள் ஏராளம். செல்பேசியில் அவசர எச்சரிக்கையை யாரும் அணைத்து வைக்க வேண்டாம். இரவுக்கு மின்கலத்தில் ஓடும் வானிலை வானொலி ஒன்று வாங்கிக்கொள்ளட்டும். நீங்களே அங்கே ஆறு மாதம் போய்த் தங்குபவரானால், முதல் நாளே அந்த அறையைக் காட்டச் சொல்லுங்கள். வீடு வாங்கவோ கட்டவோ போகிறவர்கள் கிரானைட்டைக் கொஞ்சம் மட்டமாகப் போட்டுக்கொண்டு காப்பறை கேட்கட்டும். வாடகைக்கு இருப்பவர்கள் குடியிருப்பு அலுவலகத்தில், எச்சரிக்கை வந்தால் நாங்கள் எங்கே போவது என்று எழுத்தில் கேட்கட்டும்; பதில் வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்கட்டும். பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.